கடைக்கோடிக் குழாயின் கணக்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தண்ணீரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அதிலும் நாம் எடுத்துக்கொண்டிருப்பது நகரக் குடிநீர்க் குழாய்களைக் கணிப்பொறி கொண்டு கண்காணிக்கும் முறை. இது பொறியாளர்களின் வேலையன்றோ, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. நெருங்கிய உறவே உண்டு. அதைக் காட்டுவதுதான் இவ்வுரையின் நோக்கம்.

நாஞ்சில் நாட்டார் நீரை எண்ணால் அறிந்தவர்கள். காலையில் நாளிதழைப் பிரித்தவுடன் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்ப்பது நம் மாவட்டத்துப் பழக்கம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் 18 அடி என்னும் உச்ச அளவுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குங்கூட மனப்பாடம். நாகர்கோவில் நகருக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தந்துவரும் முக்கடல் அணை 25 அடி கொண்டது. கடுங்கோடையில் அதன் நீர்மட்டம் ‘மைனஸ்’ ஆகிவிட்டது என்று செய்தி வரும். அணையில் சொட்டு நீரும் இல்லை என்பதன்று அதன் பொருள். நீர் வெளியேறும் மட்டத்திற்குக் கீழே இறங்கிவிட்டது என்பதே பொருள். இத்தகைய நுட்பமெல்லாம் தேநீர்க் கடைப் பேச்சிலேயே நம்மவர் அறிந்தவை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அணையில் நீர் எத்தனை அடி என்று நமக்குத் தெரிகிறது. நம் குடியிருப்பின் கடைசித் தெருவிலுள்ள கடைசிக் குழாயில் நேற்று எத்தனை நிமிடம் நீர் வந்தது, எத்தகைய வேகத்தில் வந்தது, அந்நீரில் மருந்து இருந்ததா இல்லையா என்பது எந்த நாளிதழில் வருகிறது? எந்த அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது? தலைமடையின் எண் ஊரறிந்தது. கடைமடையின் எண் எவரும் அறியாதது. குடங்களோடு நிற்கும் பெண்டிர்க்குத் தெரியும். ஆனால் அவர்கள் அறிந்தது எண்ணாக எழுதப்படுவதில்லை. எழுதப்படாதது அரசாங்கத்தின் கண்ணில் இல்லாததேயாகும்.

ஒரு காலத்தில் இந்தக் கடைமடைக் கணக்கை அறிந்தவர்களாய் நம் முன்னோர்களே இருந்தனர். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணிக்கன், மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயரால் வழங்கப்பட்ட அந்தப் பணியைத் தமிழகத்தின் பல ஊர்களில் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. குளத்தின் மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடுவது, பஞ்ச காலத்தில் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தன. பெருவெள்ளத்தில் மூழ்கி மடையடைப்பைத் திறக்கும் ஆபத்தும் அவர்களுடையதே. அறுவடையில் சில மரக்கால் நெல் கூலி. நிலமில்லாத மனிதன் ஊர் நிலத்துக்கெல்லாம் நீர் பங்கிட்டான். அவன் வீட்டுப் பெண்ணோ ஊர்ப் பொதுக் கிணற்றை அணுக முடியாதவளாய் இருந்தாள். அறிவு நம்மிடம், உரிமை பிறரிடம் என்னும் இந்தக் கொடுமையை மறத்தலாகாது. இன்று வரப்போகும் புதிய நீர் நிர்வாகத்தில் அறிவும் நம்மிடம் இல்லாமற் போகுமானால் நிலைமை அதனினும் இழிந்ததாகிவிடும்.

திருவிதாங்கூர் ஆட்சியில் நம் மண் இருந்த நாளில், சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீரெடுக்க முத்திரிக் கிணறு கண்டார். 1851-இல் அவர் மறைந்தார். அக்கிணறு இன்றும் இருக்கிறது. மராட்டிய நாட்டிலோ பொதுக் குளங்களை எல்லார்க்கும் திறக்கவேண்டுமென்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் இயற்றியது. மகாடு நகராட்சியும் 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் செய்தது. ஆக, காகிதத்தில் குளம் திறந்திருந்தது. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சென்று அந்நீரை அள்ளிக் குடித்த பிறகே உண்மை நிலை வெளிப்பட்டது. அடியும் உதையும் கிடைத்தன. வழக்கு நடந்து, உயர்நீதிமன்றம் நமக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது 1937-இல். காகிதத்தில் திறந்த குளத்துக்கும் கையில் கிடைத்த தண்ணீருக்கும் நடுவே இத்தனை ஆண்டுகள்! ‘நீர் விநியோகிக்கப்பட்டது’ என்னும் பதிவேட்டு வாசகத்தைக் காணும்போதெல்லாம் மகாடு நம் நினைவுக்கு வரவேண்டும்.

இனி, அந்தப் புதிய முறைதான் யாதென்று பார்ப்போம்.

ஒரு நகரின் குடிநீர், ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ எடுக்கப்பட்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் தெளியவைக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு, மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து தெருக்குழாய்களில் இறங்குகிறது. முக்கடல் நீர் கிருஷ்ணன்கோவில் சுத்திகரிப்பு நிலையம் வழியே நாகர்கோவிலுக்கு வருவதும் இவ்வாறே. நகராட்சியாயிருந்த ஊர் 2019-இல் மாநகராட்சியாயிற்று, தேவை பெருகியது, அம்ருத் திட்டத்தின்கீழ்ப் புத்தன் அணையிலிருந்து நீர் கொணரும் பெருந்திட்டமும் எடுக்கப்பட்டது. அணையும் குழாயும் பெரிதாகப் பெரிதாக, வால்வு திறப்பவர் ஒருவரின் நினைவாற்றலை நம்பி நிர்வாகம் நடத்த இயலாமற் போகிறது. இந்த இடத்தில்தான் கருவிகள் புகுகின்றன.

குழாயினுள் ஓடும் நீரை அளப்பது ஓட்டமானி. பள்ளியில் மைக்கேல் பாரடேயின் விதியைப் படித்திருப்பீர்கள். காந்தப் புலத்தின் ஊடே மின்கடத்தி ஒன்று நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். மின்காந்த ஓட்டமானியில் நீரே அந்த மின்கடத்தி. நீர் விரைந்து ஓடினால் மின்னழுத்தம் மிகும். அதை அளந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். சுழலும் சக்கரம் இல்லை, தேய்மானம் இல்லை. தொட்டியின் உச்சியில் பொருத்திய கருவி, செவிக்கு எட்டாத ஒலியை நீர்ப்பரப்பின்மீது அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைச் சொல்கிறது. அழுத்தமானி குழாயின் அழுத்தத்தைச் சொல்கிறது. மற்றொன்று நீரில் எஞ்சியுள்ள குளோரினைச் சொல்கிறது. இவை யாவும் கைப்பேசி அலைவரிசை வழியே ஒரு கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்தே மோட்டாரை நிறுத்தலாம், வால்வைத் திருப்பலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஸ்காடா என்று பெயர். ஆலைகளிலும் மின்வாரியத்திலும் பல்லாண்டுகளாக உள்ளதே. குடிநீருக்கு வந்திருப்பது சற்றுப் பின்னர்.

கசிவைக் கண்டுபிடிக்கும் வழி மிக அழகானது. நகரைச் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஓட்டமானி வைப்பார்கள். பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை ஊர் உறங்கும் வேளை. அந்நேரத்திலும் ஒரு வட்டாரத்துக்குள் நீர் இடைவிடாது புகுந்துகொண்டிருக்குமானால் அதைக் குடிப்பவர் யார்? பூமிதான். குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. மண்ணைத் தோண்டாமலே ஓர் எண்ணைக் கொண்டு இதை அறிந்துவிடலாம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காது கூறவேண்டும். மேற்சொன்ன உத்தி, 24 மணி நேரமும் நீர் நிறைந்த குழாய்களுக்கே முற்றும் பொருந்தும். நம் ஊர்களிலோ சில மணி நேரம் விடுகிறார்கள். பல இடங்களில் சில நாட்களுக்கு ஒருமுறை விடுகிறார்கள். வெற்றுக் குழாயில் நீர் பாயும்போது உள்ளிருந்த காற்றுத்தான் முதலில் வெளியேறும். சக்கரம் சுழலும் வீட்டு மீட்டர் காற்றுக்கும் கணக்கு எழுதிவிடும். காற்றுக்குக் காசு கொடுப்பது ஏழைக்குத் தகுமா? அதனினும் தீயது, நீர் நின்றபின் குழாய்க்குள் ஏற்படும் உறிஞ்சல். சாக்கடையினூடே செல்லும் பழங்குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், அழுக்கு உள்ளே இழுக்கப்படும். சாக்கடையினூடே செல்லும் குழாய்கள் பெரும்பாலும் யாருடைய தெருவில் இருக்கின்றன என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

கருவிகளால் ஒரு நகரம் திருந்தியது உண்டா எனில், உண்டு. கம்போடிய நாட்டின் தலைநகர் புனோம் பென். உள்நாட்டுப் போரில் சிதைந்துபோன அவ்வூரில், 1993-இல், அனுப்பிய நீரில் 72 விழுக்காடு கணக்கில் வராமற் போயிற்று. கசிவு ஒரு பங்கு. திருட்டு இணைப்பும் ஊழியர் கையூட்டும் மற்றொரு பங்கு. அவ்வாண்டு பொறுப்பேற்ற எக் சோன் சான் என்னும் பொறியாளர் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். நகரை மண்டலங்களாகப் பிரித்து, அழுத்தமும் ஓட்டமும் பதியும் கருவிகளை நிறுவச் செய்தார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை. படைத்தலைவர்களுக்கும் அமைச்சகங்களுக்கும் சலுகை இல்லை. கட்டணம் செலுத்தாத படை அதிகாரி வீட்டு இணைப்பைத் துண்டிக்கச் சென்றபோது அவர்மீது துப்பாக்கி நீட்டப்பட்டது என்பர். பதினைந்து ஆண்டுகளில் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்தது. நாள் முழுதும் நீர் கிடைத்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. அங்கே வெற்றி கண்டது கருவி மட்டுமன்று. அளவு வலியாரிடமிருந்து தொடங்கியது என்பதே அதன் சிறப்பு.

ஆகவே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, கருவி எங்கே வைக்கப்படுகிறது என்பதாம். மேல்நிலைத் தொட்டியின் அடியில் ஓட்டமானி வைத்தால், தொட்டியிலிருந்து இத்தனை இலட்சம் லிட்டர் இறங்கியது என்று திரை காட்டும். பச்சை விளக்கு எரியும். வழியில் முன்தெரு வீடுகளில் குழாயோடு நேரே மோட்டார் பொருத்தி உறிஞ்சுவார்கள். மேட்டிலும் கோடியிலும் உள்ள குடியிருப்புக்கு வெறுங்காற்றே வரும். அதைத் திரை காட்டாது. அங்கே கருவி இல்லையே! குறையுரைக்கச் செல்லும் நம் தாய்மாரிடம், கணிப்பொறியே சொல்கிறது, நீர் வந்துவிட்டது என்பார்கள். முன்பு எழுத்தரோடு வாதாடினோம். இனித் திரையோடு வாதாட நேரும். மாறாக, கடைக்கோடியில் ஓர் அழுத்தமானி இருக்குமாயின், மோட்டார்கள் இயங்கத் தொடங்கிய நிமிடத்தில் அழுத்தக்கோடு செங்குத்தாய் வீழ்வதை எவரும் காணலாம். ஒற்றை மாடி வீட்டுக்குக் குழாய்முனையில் 7 மீட்டர் உயரத்துக்கு நீரை எழுப்பும் அழுத்தம் வேண்டுமென மைய அரசின் குடிநீர்க் கையேடு நெடுங்காலமாக வகுத்திருந்தது. அந்த 7 நம் தெருவில் உண்டா என்பதே கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பர் 26 அன்று, ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது. கண்டறிந்தது எக்கருவி? பிள்ளைகள் நோயுற்றனர், மருத்துவர் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார், மக்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தனர். நம் பிள்ளைகளின் உடலே அங்கே உணர்கருவியாயிற்று. அழுக்கு மிகுந்தால் குளோரின் விரைந்து செலவாகிக் குறையும். குழாய்முனை நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கவேண்டும் என்பது நெறி. அதை அன்றாடம் பார்க்கும் ஏற்பாடு இருந்தால், பிள்ளைகள் படுக்கையில் விழுமுன் ஓர் ஐயமேனும் எழுந்திருக்கும். சாதி வெறியை அளக்கும் கருவியை யாரும் செய்யவில்லை; அதன் விளைவை விரைந்து காட்டும் கருவி இருக்கிறது. அது நம் தொட்டிக்கும் வரவேண்டுமென்று கேட்கிறோம்.

கருவி வந்தாலே நன்மை என்றும் மயங்கலாகாது. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் பிரி என்னும் ஏழைகளின் பகுதியில், முன்பணம் கட்டினாலன்றி நீர்விடாத மீட்டர்களை ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி பொருத்தியது. ஒரு மனைக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். ஒரு மனையில் எத்தனை குடும்பம் என்று மீட்டர் கேட்பதில்லை. லிண்டிவே மசிபுகோவும் அண்டை வீட்டாரும் வழக்குத் தொடுத்தனர். 2008-இல் உயர்நீதிமன்றத்தில் வென்றனர். 2009 அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் தோற்றனர். வெள்ளையர் ஆட்சியை வீழ்த்திய நாட்டிலேயே இந்நிலை. கோவை மாநகராட்சி 2018-இல் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் செய்தபோது, பொதுக்குழாய்களின் கதி என்னாகும் என்று அங்குள்ளோர் கேட்டது இதனால்தான். அளக்கும் கருவி வேறு, அடைக்கும் கருவி வேறு. முன்னதைக் கேட்டு வாங்குவோம். பின்னது வருமானால் ஏனென்று கேட்போம்.

இடையே ஒரு சொல். பாதாளச் சாக்கடைக் குழியில் மனிதனுக்குப் பதில் இறங்கும் ‘பண்டிகூட்’ என்னும் இயந்திரம், நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் 2018-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் பின்னும் குழிகளில் நம்மவர் மாண்டுகொண்டிருக்கிறார்கள். கட்டணம் வாங்கும் கருவிக்கு உள்ள அவசரம், உயிர் காக்கும் கருவிக்கு ஏனோ இருப்பதில்லை. ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது, வரவேற்கிறோம். பெயர்ப் பலகை மாறுவதோடு குழாயும் மாறுகிறதா என்று பார்த்திருப்போம்.

இளைஞர்களே, இனி உங்களுக்கு. ஒடிசாவின் புரி நகரம், குழாய் நீரை அப்படியே குடிக்கலாம் என்று 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அங்கே வீடுவீடாய்ச் சென்று மீட்டர் பார்ப்பவர்களும், கட்டணம் பெறுபவர்களும், சோதனைப் பெட்டியால் நீரின் தரம் பார்ப்பவர்களும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே. ‘ஜலசாதி’, அதாவது நீர்த்தோழி, என்று அவர்களுக்குப் பெயர். வசூலில் ஒரு பங்கு ஊதியம். நீர்க்கட்டியின் மரக்கால் நெல் நினைவுக்கு வருகிறதன்றோ! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இவள் நீரை அளக்கிறாள், அதே நீரைக் குடிக்கவும் குடிக்கிறாள்.

கட்டுப்பாட்டு அறையின் நாற்காலியில் நம் பிள்ளைகள் அமரவேண்டும். குழி தோண்டவும் அடைப்பெடுக்கவும் மட்டும் நம்மை அழைக்கும் நிர்வாகத்தில், வரைபடத்தை வாசிப்பவராகவும் நாம் இருக்கவேண்டும். இதற்கு அயல்நாடு செல்லவேண்டியதில்லை. கோணத்திலேயே அரசு பலதொழிற் கல்லூரியும் தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன. மின்பணியாளர், கருவியியல், மின்னணுவியல் எதைப் படித்தாலும் இத்துறைக்கு வழியுண்டு. கருவிகள் தாமே வாழ்வன அல்ல. மின்கலம் தீரும், அழுத்தமானியில் சேறு அடையும், குளோரின் கருவியைக் குறித்த காலத்தில் சரிபார்க்காவிடில் பொய் சொல்லும். பல ஊர்களில் ஒப்பந்தக்காரர் காலம் முடிந்ததும் திரை இருண்டு கிடப்பது இதனால்தான். அதைப் பழுது நீக்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருந்தால் அவருக்கு வேலை, ஊருக்குத் தண்ணீர்.

மாநகராட்சி கருவி வைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் படிப்பகத்தின் சார்பில் ஒரு சிறு முயற்சி தொடங்கவிருக்கிறோம். நம் குடியிருப்புகளில் ஐந்து கடைக்கோடிக் குழாய்களைத் தேர்ந்துள்ளோம். நீர் வந்த நேரம், நின்ற நேரம், 15 லிட்டர் வாளி நிரம்ப ஆன நிமிடம், சொட்டு மருந்திட்டால் மஞ்சள் நிறம் காட்டும் சோதனைப் பெட்டியின்படி குளோரின் அளவு ஆகிய நான்கையும் நீர் விடும் ஒவ்வொரு நாளும் எழுதவேண்டும். குழாயில் திருகும் அழுத்தமானி ஒன்று வாங்கியுள்ளோம். முறை வைத்துப் பயன்படுத்தலாம். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ காட்டினால், முன்சொன்ன 7 மீட்டர் இருக்கிறது என்று பொருள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும், 2022 நவம்பர் முதல் மாநகராட்சிகளில் கூடிவரும் பகுதி சபையில் அதை வாசிப்போம். அதே நாட்களில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறக்கிய நீரின் பதிவை, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறுவோம். இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவே எவ்வளவு மறைந்தது என்பது தெரிந்துவிடும். தொகையைக் கணிப்பொறியில் ஏற்றி வரைபடமாக்கும் பணியைக் கல்லூரி மாணவர்கள் ஏற்கவேண்டும். குறிப்பெடுக்கும் பணிக்குப் பள்ளி இறுதி வகுப்பு மாணவியரே போதும், அவர்கள்தாம் எப்படியும் குடத்தோடு அங்கே நிற்கிறார்கள்.

ஐந்து குறிப்பேடுகளும் படிப்பகத்து அலமாரியில் அட்டை போட்டு ஆயத்தமாக இருக்கின்றன. ஐந்தாம் குழாய்க்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. வரும் ஞாயிறு காலை பெயர் கொடுக்கலாம்.